சாயமின்றி வர்ணம் அச்சிடுதல்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதுவது)

நமது திருவள்ளூர் ஜில்லாவில் நிலக்கடலை விதைத்த குடியானவர் எவரையாவது கண்டு மயிலைப் பற்றி விசாரித்தால், அவர் அதன் அழகைப் பற்றி ஒரு வார்த்தையும் கூறமாட்டார். விதைத்த மூன்றாம் நாள் பாத்தியைக் கிளறி, முளைத்த பருப்பைத் தின்றுபோகும் பறவை என்பதே அவர் அறிந்தது. அதை விரட்டலாமேயன்றி, விஷம் வைத்தோ கண்ணியிட்டோ கொல்வது 1972-ம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெருங் குற்றமாகும். ஆயினும் வரப்பில் அது உதிர்த்துப்போகும் தோகையிறகு ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. இக்கட்டுரையை வாசிக்கும் அன்பர்கள் அப்படி ஓர் இறகைக் கையில் வைத்துக்கொண்டு மேலே படிப்பார்களாயின் விஷயம் எளிதில் விளங்கும்.

இறகின் கண்ணை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கவும். நீலம் பச்சையாகவும், பச்சை பொன்னிறமாகவும் மாறுவது தெரியும். பின்பு அதே இறகைச் சூரியனுக்கு எதிரே பிடித்து, ஒளி அதன் ஊடே வரும்படி பார்க்கவும். நீலமுமில்லை, பச்சையுமில்லை, பழுப்பு நிறமே காணப்படும். இன்னும் சந்தேகமிருந்தால் அந்த இழைகளைக் கத்தரித்து அம்மியில் வைத்து நன்றாக அரைத்துப் பார்க்கலாம். மஞ்சளை அரைத்தால் மஞ்சள் நிறம் போவதில்லை. மருதோன்றியை அரைத்தால் சாயம் இன்னும் நன்றாக வெளிப்படும். மயிலிறகை மைபோல அரைத்தாலோ பழுப்புத் தூள்தான் மிஞ்சும். அதில் நீலச் சாயம் என்ற வஸ்து ஆதியிலேயே இல்லை என்பது இதனால் வெளியாகும். அதில் இருந்தது சாயமன்று, கட்டமைப்பு. அரைத்ததனால் கட்டமைப்பு குலைந்தது. குலையவே நிறமும் மறைந்தது.

மயிலிறகு கிடைக்காதவர்கள் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் நடுவே விட்டுவிட்டுத் தெரியும் பாதுகாப்பு இழை, நேரே பார்க்கும்போது பச்சையாகவும், சாய்த்தால் நீலமாகவும் தோன்றும். பம்புசெட்டுத் தொட்டியில் சிந்திய டீசல் எண்ணெய் நீர்மேல் பரந்து வானவில் காட்டுவதும், சோப்புக் குமிழியின் மேல் நிறங்கள் ஓடுவதும் இதே இனத்தைச் சேர்ந்தவையே.

இதன் காரணம் யாதெனில், ஒளி அலைகளாகச் செல்லுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நானோமீட்டர் என்று பெயர். ஊதா நிற ஒளியின் அலைநீளம் சுமார் 400 நானோமீட்டர். சிவப்புக்குச் சுமார் 700. மற்ற நிறங்கள் இவ்விரண்டிற்கும் இடையே உள்ளன. மெல்லிய ஏடுகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே அளவு இடைவெளியில் அடுக்கப்பட்டிருந்தால், ஒவ்வோர் ஏட்டிலிருந்தும் சிறிது ஒளி திரும்புகிறது. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை அது பின்வந்து திரும்பும் தருணத்தில் தள்ளினால் ஆட்டம் பெருகும். தருணம் தப்பித் தள்ளினால் ஆட்டம் அடங்கும். அதுபோலவே, எந்த நிறத்தின் அலைக்கு ஏடுகளின் இடைவெளி பொருந்துகிறதோ அந்த நிறம் மாத்திரம் ஒன்றோடொன்று கூடி வலுத்துக் கண்ணுக்கு வருகிறது; மற்றவை தம்முள் அடித்துக்கொண்டு அடங்கிவிடுகின்றன. சாய்த்துப் பார்க்கும்போது இந்தப் பொருத்தம் மாறுவதால் நிறமும் மாறுகிறது.

மயிலிறகின் நிறத்தைப் பற்றி 1665-ல் ஹூக் என்பவரும், 1704-ல் நியூட்டனும் எழுதியிருக்கின்றனர். நமது நாட்டில் இத்துறையை நன்கு ஆராய்ந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை இராஜதானிக் கல்லூரியில் படித்த சர் சி. வி. இராமன் அவர்களே. 1934-ல் பெங்களூரில் இந்திய விஞ்ஞான அகாதமியை அவர் ஸ்தாபித்தபோது, அதன் நடவடிக்கைப் புஸ்தகத்தின் முதற் சம்புடத்தில், பறவை இறகுகளின் நிறத்தைப் பற்றிய தமது கட்டுரையை வெளியிட்டார். அவர் அதில் எடுத்துக்கொண்டது மயிலைக்கூட அன்று. நம் ஊர்களில் தந்திக் கம்பிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் பனங்காடையை. அடுத்த வருஷத்தில் சிப்பிகளின் பளபளப்பைப் பற்றியும் எழுதினார். வயலோரத்துப் பறவையை வைத்து உயர்ந்த விஞ்ஞானம் செய்யலாம் என்பதற்கு இது போன்ற உதாரணம் வேறு எனக்குத் தெரியவில்லை.

பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து வளர்க்காத பிள்ளைகள் முன்னாளில் நம் கிராமங்களில் இல்லை. அதன் முதுகுச் சிறகும் இவ்வகையே. கைட்டின் என்னும் பொருள் ஏடு ஏடாகப் படிந்து அந்தப் பச்சையை உண்டாக்குகிறது. முற்காலத்தில் இச்சிறகுகளை மஸ்லின் துணியில் வைத்துத் தைத்துச் சீமைக்கு அனுப்புவது இந்நாட்டில் ஒரு தொழிலாக இருந்தது. 1888-ல் லண்டன் நாடக மேடையில் எல்லன் டெர்ரி என்னும் பிரபல நடிகை அணிந்த உடையில் இப்படிப்பட்ட வண்டுச் சிறகுகள் ஏறக்குறைய ஆயிரம் தைக்கப்பட்டிருந்தன. அவ்வுடை இன்றும் இருக்கிறது. சிறகுகளும் இன்றும் பச்சையாகவே மின்னுகின்றன. சாயமிட்ட துணியானால் இத்தனை வருஷத்தில் வெளுத்திருக்கும்.

நிற்க, மயிலுக்கும் வண்டுக்கும் உரிய இந்த வித்தையைக் குடியானவர் ஏன் அறியவேண்டும் என்று கேட்கலாம். வைக்கோல், சவுக்கு, பஞ்சு, இறால் ஓடு ஆகிய நம்மிடமுள்ள பொருள்களிலிருந்தே அதே வித்தையைச் செய்து, வர்ணத்தை அச்சிடும் முறை இப்பொழுது ஆராய்ச்சிச்சாலையை விட்டு ஆலையின் வாசலுக்கு வந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை நமது ஜில்லாவிலேயே இருப்பதால், இதைக் குறித்த பேச்சு நம்மவர் காதில் முந்தி விழுவது இயற்கை. பேச்சு விழும்போது எது மெய், எது புளுகு என்று பிரித்தறிய இக்கட்டுரை உதவவேண்டும் என்பதே என் நோக்கம்.

செடி கொடி மரம் யாவற்றிற்கும் எலும்புபோல நிற்பது செல்லுலோஸ் என்னும் வஸ்து. சர்க்கரை அணுத்திரள்கள் மணிமாலைபோல நீளக் கோக்கப்பட்டு உண்டானது அது. இப்படி ஒரே மணி திரும்பத் திரும்பக் கோத்து வரும் பொருள்களுக்குப் பாலிமர் என்று பெயர். பஞ்சில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செல்லுலோஸ்; மரத்தில் நாற்பது முதல் நாற்பத்தைந்து; நெல் வைக்கோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இறால், நண்டு இவற்றின் ஓட்டிலும், வண்டின் சிறகிலும் உள்ள கைட்டினும் இதற்கு நெருங்கிய உறவுடையதே.

செல்லுலோஸைக் கொண்டு இயற்கையே நிறம் செய்துகாட்டியிருக்கிறது. ஆப்பிரிக்கக் காடுகளில் போலியா கண்டென்ஸாட்டா என்று ஒரு செடி உண்டு. அதன் பழம் மிகப் பிரகாசமான நீலம். அந்நீலம் சாயத்தாலன்றித் தோலிலுள்ள செல்லுலோஸ் இழைகள் திருகுபோல அடுக்கப்பட்டிருப்பதால் உண்டாகிறது என்று கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் வெளியிட்டனர். கானாவில் 1974-ல் பறித்து லண்டன் கியூ தோட்டத்தில் உலர்த்தி வைத்த பழங்களும் நிறம் மங்காமலே இருந்தன.

திருகுபோல என்றேன்; அதை விளக்கவேண்டும். வைக்கோற் போர் போடும்போது ஒரு வரிசைப் புரிகளை வடக்கு தெற்காக இடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வரிசையைச் சற்றே திருப்பி இடுக; அதற்கு மேல் வரிசையை இன்னும் சற்றுத் திருப்புக. இப்படியே போனால் பல வரிசைகளுக்குப் பின் ஒரு முழுச் சுற்று முடியும். அந்த ஒரு சுற்றின் உயரமே நிறத்தை நிர்ணயிப்பது. சுற்றின் உயரம் ஏறக்குறைய 300 நானோமீட்டராயின் நீலம் தோன்றும். 430 வரை உயர்ந்தால் சிவப்பு. ஆகவே அடுக்கை நெருக்கினால் நீலம், தளர்த்தினால் சிவப்பு என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

இவ்வடுக்கைச் செய்ய இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. முதலாவது, தூய செல்லுலோஸைக் கடுமையான கந்தகத் திராவகத்தில் இட்டு, தளர்ந்த பாகங்களைக் கரைத்துவிட்டு, கரையாமல் எஞ்சும் நுண்ணிய ஊசிகளைப் பிரித்தெடுப்பது. இந்த ஊசிகள் சில நானோமீட்டர் தடிப்பும், நூறு இருநூறு நானோமீட்டர் நீளமும் உள்ளவை. நீரில் மிதக்கும் இவை, செறிவு ஓர் அளவுக்கு மேற்பட்டதும், எவரும் அடுக்காமலே தாமாகத் திருகு அடுக்கில் அமைந்துவிடுகின்றன என்பதை 1992-ல் கனடா நாட்டார் கண்டனர். அந்நீரைத் தட்டில் ஊற்றி மெல்ல உலரவிட்டால் வர்ணமுள்ள ஏடு கிடைக்கும். சிறிது உப்புச் சேர்த்தால் அடுக்கு நெருங்கி நீலத்தின் பக்கமாகவும், செவிக்கெட்டாத ஒலியலையால் அதிரச் செய்தால் தளர்ந்து சிவப்பின் பக்கமாகவும் போகும்.

இரண்டாவது வழி இன்னும் சாது. செல்லுலோஸோடு சில இரசாயனங்களைச் சேர்த்து, நீரில் கரையும்படி செய்த ஹைட்ராக்ஸிபுரொப்பைல் செல்லுலோஸ் என்னும் வெள்ளைத் தூள் கடையில் கிடைக்கிறது. மருந்து மாத்திரைகள் உதிராமலிருக்கச் சேர்ப்பதும், ஆகாரப் பண்டங்களில் அனுமதிக்கப்பட்டதும் இதுவே. இதை மிகக் குறைந்த நீரில், அதாவது நூற்றுக்கு அறுபதிலிருந்து எழுபது பங்கு தூள் இருக்கும்படி குழைத்தால், பசைபோன்ற அக்குழம்பே நிறம் காட்டும். நீர் மிகுந்தால் சிவப்பு, நடுத்தரமானால் பச்சை, குறைந்தால் நீலம். இது 1976 முதலே தெரிந்த உண்மை.

அச்சிடுதல் என்பது இக்குழம்பையோ, மேற்சொன்ன ஊசி நீரையோ மைக்குப் பதிலாக உபயோகிப்பதேயாகும். ஊசிமுனைக் குழாயின் வழியாகப் பிழிந்து கோலமிடுவதுபோல் உருவங்கள் எழுதலாம். பிழியும்போது உண்டாகும் இழுவை அடுக்கைக் குலைக்குமாதலால், குழம்பின் கெட்டித்தன்மையையும் வேகத்தையும் பொருத்துவதில்தான் இத்தொழிலின் நுட்பமெல்லாம் இருக்கிறது. பத்திரிகை அச்சிடும் உருளை இயந்திரம்போல், நீண்ட சுருளின் மேல் தொடர்ச்சியாகப் பரப்பலாம். தூள் குழம்பை இப்படி இரண்டு தகடுகளுக்கிடையே உருளையில் பரப்பி, அழுத்தினால் நிறம் மாறும் சுருளைச் செய்துகாட்டியது 2018-ல். ஊசி நீரை உருளையில் பரப்பி உலர்த்தி, பின்பு தூளாக்கி, மின்னும் பொடியாகச் செய்தது 2021-ல். இரண்டும் கேம்பிரிட்ஜில் நடந்தவை. தூளாக்கினால் நிறம் போகாதா என்று கேட்பவர், மயிலிறகை அம்மியில் அரைத்ததை மறவாதவர், நல்ல கேள்வி. பொடியின் ஒவ்வொரு துணுக்கும் அடுக்கின் பல சுற்றுக்களைத் தன்னுள் கொண்டிருக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் நிறம் போகாது. அம்மியிலோ நாம் அடுக்கையே நசுக்கிவிட்டோம்.

இப்பொருளுக்குத் தேவை ஏற்பட்டதற்கு வெளிநாட்டுச் சட்டங்களும் ஒரு காரணம். மிட்டாய் முதலிய பண்டங்களுக்கு வெண்மையும் மினுக்கும் தர வழங்கிவந்த டைட்டேனியம் டையாக்ஸைடை ஆகாரத்தில் சேர்ப்பதை ஐரோப்பிய யூனியன் 2022-ல் தடைசெய்தது. 2023-ல், பிளாஸ்டிக்கால் செய்த மினுக்குப் பொடிக்கும் கட்டுப்பாடு வந்தது. மக்கிப்போகும் செல்லுலோஸ் மினுக்கு அவ்விடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது.

சென்ற வருஷம் வைகாசி மாதத்தில் நான் செய்த ஒரு சோதனையை இங்கே சொல்லுகிறேன். மாத்திரை செய்வோருக்குச் சரக்கு விற்கும் ஒரு வியாபாரியிடம் மேற்படி தூளைக் கொஞ்சம் வாங்கி, 65 கிராம் தூளுக்கு 35 மில்லி வடிநீர் வீதம் குழைத்தேன். முதல் தடவை அவசரப்பட்டுக் கிளறியதில் காற்றுக் குமிழிகள் நிறைந்து பால்போல் ஆகிவிட்டது. இரண்டாம் தடவை கிளறியபின் மூடிக் குளிர்ச்சியான இடத்தில் நான்கு நாள் வைத்தேன். குமிழிகள் ஏறித் தீர்ந்தன. அதை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வைத்து, அடியில் கறுப்புத் துணி விரித்துப் பார்த்தபோது, மரகதம்போல் பச்சை தெரிந்தது. பின்னணி வெள்ளையாயிருந்தால் நிறம் அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாது, கறுப்பு அவசியம். மறுநாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு நடுப்பகலில் கவரைப்பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த குடியானவர் கூட்டத்திற்கு மோட்டார் சைக்கிளில் சென்றேன். கூட்டத்தார் முன் எடுத்துக்காட்டினால் நிறமேயில்லை, வெண்மையாகத் திரிந்திருந்தது. சிரிப்பு எழுந்ததைச் சொல்லவேண்டியதில்லை. இந்தக் குழம்பு 40, 45 டிகிரி உஷ்ணத்தைத் தாண்டினால் நீரைவிட்டுப் பிரிந்து கலங்கும் என்பதை நான் படித்திருந்தும் மறந்துவிட்டேன். ஒரு பெரியவர், “தண்ணீர்ப் பானைமேல் வையுங்கள், ஐயா, சூடு தணியட்டும்” என்றார். வைத்தோம். தேநீர் அருந்தி முடிப்பதற்குள் பச்சை திரும்பிவந்தது. விரலால் கண்ணாடியை அழுத்திய இடம் நீலமாயிற்று. விட்டதும் மெல்ல மீண்டது. கூட்டத்தாருக்கு நான் வாயால் சொன்னதைவிட இந்தத் தவறுதலால் விளங்கியதே அதிகம். கத்திரி வெயில் அடிக்கும் நம் பிரதேசத்தில், நீர் அடங்கிய இச்சரக்கை அப்படியே உபயோகிக்க முடியாதென்பதும், பிணைப்பு மருந்து சேர்த்து இறுக்கியாகவேண்டும் என்பதும் அன்றே தெரிந்துவிட்டது. இறுக்காமல் முழுதும் உலரவிட்டாலோ, அடுக்கு மிக நெருங்கி நீலத்தையும் தாண்டிப் போய் நிறமற்ற ஏடாகிவிடும்.

அந்தக் கூட்டம் முடிந்தபின் ஒரு மிராசுதார் தனியே வந்து சொன்ன செய்தியே இக்கட்டுரைக்கு மூலகாரணம். தரகர் ஒருவர் வந்து, வைக்கோலிலிருந்து மயில் நிறச் சாமான் செய்யும் ஆலை வரப்போகிறதென்றும், பிர்க்கா முழுவதிலும் உள்ள வைக்கோலை அது எடுத்துக்கொள்ளும் என்றும், ஐந்து வருஷத்திற்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து ஏக்கருக்கு ஒரு தொகை முன்பணமாகக் கட்டினால் மற்றவர்களுக்கு முந்தி இடம் கிடைக்கும் என்றும் கூறினாராம். விற்பவனே முன்பணம் கட்டும் வியாபாரம் எந்த ஊரிலும் நான் கேட்டதில்லை. ஆயினும் அதை மாத்திரம் சொல்லி அனுப்பாமல், அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அக்கணக்கை எல்லோரும் அறிவது நலம்.

வர்ண ஏட்டின் கனம் ஏறக்குறைய பத்து மைக்ரான். அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு சதுர மீட்டருக்கு 15 கிராம் செல்லுலோஸ் போதும். ஒரு டன் வைக்கோலில் 300 கிலோவுக்குக் கூடுதலாகச் செல்லுலோஸ் உண்டு. திராவக முறையில் அதில் பெரும்பகுதி கரைந்துபோய், மூன்றில் ஒரு பங்கு ஊசிகளாகக் கிடைத்தாலும் 100 கிலோ ஆகும். அதைக்கொண்டு 6,600 சதுர மீட்டருக்கு மேல் பரப்பலாம்; அதாவது ஒன்றரை ஏக்கருக்கும் அதிகம். ஓர் ஏக்கரில் இரண்டு டன் வைக்கோல் கிடைத்தால், அந்த ஏக்கரின் வைக்கோல் மூன்று ஏக்கர் நிலத்தை மயில் நிறத்தால் மூடிவிடும். இப்படியிருக்க, ஒரு பிர்க்காவின் வைக்கோலையெல்லாம் எந்த மினுக்கு வியாபாரி வாங்குவான்? தொழில் எவ்வளவு ஓங்கினாலும் அதற்கு வேண்டிய மூலப்பொருள் சொற்பமே. மேலும் ஆலைக்காரர்கள் விரும்புவது ஒரே தரமாகச் சுத்திசெய்த மரக்கூழையும் பஞ்சையுமே அன்றி வைக்கோலை அன்று. வைக்கோலில் மணற்சத்தாகிய சிலிகா மிகுதி. அதைப் பிரிப்பது தொல்லை. காகித ஆலைகள் வைக்கோலைவிடச் சவுக்கையும் கரும்புச் சக்கையையும் நாடுவதற்கும் இது ஒரு காரணம்.

வைக்கோலை விற்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒரு டன் நெல் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 12 முதல் 17 கிலோ சாம்பல்சத்தும் இருக்கின்றன. இரண்டு டன்னை வண்டியேற்றினால் குறைந்தது 24 கிலோ பொட்டாசியத்தை நிலத்திலிருந்து கொடுத்தனுப்புகிறோம். 50 கிலோ பொட்டாஷ் உரமூட்டை ஒன்றில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகையால் வைக்கோல் விலை பேசும்போது, ஒரு மூட்டைப் பொட்டாஷின் விலையையும், மாட்டுக்கு வாங்கவேண்டிய தீவனத்தின் விலையையும், கட்டுக்கூலியையும் கழித்துப் பார்க்கவேண்டும். சொர்ணவாரி வைக்கோல் மழையில் நனைந்து வீணாகுமானால் கிடைத்த விலைக்கு விற்கலாம். சம்பா வைக்கோல் அப்படியன்று.

வர்ணத்தை நம்பிப் பயிரிடுபவனுக்கு நேரக்கூடியதை இப்பிரதேசம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டியது, இங்கு நெய்து சாயமிட்ட துணிகளுக்காகவே. சிவப்புக்குச் சாயவேரும், நீலத்திற்கு அவுரியும் பயன்பட்டன. 1869-ல் ஜெர்மானியர் சாயவேர் இனத்துச் சிவப்பை ஆலையில் செய்யக் கண்டுபிடித்தனர். 1897-ல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. அதன்பின் சில வருஷங்களிலேயே நெல்லூர், கடப்பை, தென்னார்க்காடு ஜில்லாக்களின் அவுரித் தொட்டிகள் வறண்டன. குடியானவன் ஒரு தவறும் செய்யவில்லை. ஆயினும் விலையை நிர்ணயித்தது அவன் பார்த்திராத ஓர் ஆராய்ச்சிச்சாலை. இன்று அந்த ஆலைச் சாயத்திற்கே போட்டியாக வேறொன்று கிளம்புகிறது. அதில் ஒருவிதத் திருப்தி எனக்கு உண்டாகாமலில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன்.

இறால் ஓட்டின் சங்கதி சற்று வேறு. பழவேற்காட்டு ஏரியிலும், அதைச் சூழ்ந்த உவர்நீர்ப் பண்ணைகளிலும் இறால் விளைகிறது. ஏற்றுமதிக்குத் தலையும் ஓடும் நீக்கும் இடங்களில் அவை குவிந்து நாறுகின்றன. இது மாட்டுக்கும் வேண்டாம், வயலுக்கும் அப்படியே ஆகாது; ஆகவே இதை விற்பதால் இழப்பதொன்றுமில்லை. நீர்த்த உப்புத் திராவகத்தால் சுண்ணாம்புச் சத்தையும், நீர்த்த காஸ்டிக் சோடாவால் புரதத்தையும் நீக்கினால் கைட்டின் எஞ்சும். அதைக் கடுமையான காஸ்டிக்கில் காய்ச்சினால் கைட்டோஸான் ஆகும். வர்ண ஏடுகளுக்குக் கைட்டினைப் பயன்படுத்தும் வேலை செல்லுலோஸ் அளவு முன்னேறவில்லை. ஆனால் கைட்டோஸானுக்கு நீர் சுத்திகரிப்பு, மருந்து, பயிர்ப் பாதுகாப்பு முதலிய வேறு உபயோகங்கள் இருப்பதால், ஓடு சேர்ப்போர் வர்ணத் தொழிலை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. ஓட்டை அன்றன்றே கழுவி உலர்த்தவேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் அழுகத் தொடங்கித் தரம் கெடும்.

இனி, கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் கவனிக்கவேண்டிய பாகத்திற்கு வருகிறேன். “சாயமில்லாத தொழில், இயற்கைப் பொருள், மக்கிப்போவது” என்ற வார்த்தைகளைக் கேட்டவுடன், இதனால் ஏரிக்கும் கிணற்றுக்கும் கெடுதியில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முடிந்த சரக்கு சாதுவானது என்பது மெய். அதைச் செய்யும் முறை சாதுவா என்பது தனிக் கேள்வி.

திராவக முறையில் நூற்றுக்கு 64 பங்கு கடுமையுள்ள கந்தகத் திராவகத்தை, ஒரு கிலோ செல்லுலோஸுக்கு எட்டு லிட்டருக்குக் குறையாமல் சேர்த்து, 45 டிகிரி உஷ்ணத்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வைக்கிறார்கள். பின்பு பத்துமடங்கு நீரைக் கொட்டி நிறுத்துகிறார்கள். மேலே சொன்ன 100 கிலோ ஊசிகளைச் செய்ய 300 கிலோ செல்லுலோஸ் என்றால், திராவகம் 2,400 லிட்டர். கழிவுநீர் 24,000 லிட்டருக்கு மேல், அதாவது பெரிய தண்ணீர் லாரி இரண்டு. திராவகத்தை மீட்டெடுக்காமல் சுண்ணாம்பு இட்டு முறித்தால் நான்கு டன்னுக்குக் குறையாத ஜிப்சச் சேறு உண்டாகும். நூறு கிலோ மினுக்குக்கு நான்கு டன் சேறு! திராவகத்தைத் திருப்பியெடுத்துச் செறிவூட்டும் இயந்திரம் வைத்தவனே இத்தொழிலை ஒழுங்காக நடத்தமுடியும்; அதற்கு முதல் அதிகம் வேண்டும். கொட்டகை போட்டுப் பீப்பாயில் செய்பவன் எங்கே கொட்டுவான் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. அவன் கொட்டகைக்குப் பின்னால் ஆரணியாறோ, கொசஸ்தலையாறோ, ஓர் ஏரியின் வரத்துக் கால்வாயோ இருக்கும்.

திருப்பூர்ச் சாயநீரால் நொய்யல் ஆறு கெட்டதும், பாசனத்திற்கென்று 1992-ல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாக மாறி, அதன் நீர் வேண்டாமென்று கீழ்ப்பாசனக் குடியானவர்களே வழக்காட நேர்ந்ததும், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் எல்லோரும் அறிந்தவை. ஆலைகள் மூடப்பட்டன, உப்பேறிய மண் அதனால் ஒரு நாளில் திருந்திவிடவில்லை.

ஆகையால் இவ்வகைத் தொழிலுக்கென்று எவரேனும் நிலம் கேட்டு வந்தால் முதலில் எந்த முறை என்று கேளுங்கள். கடையில் வாங்கிய தூளைக் குழைத்து அச்சிடுவது மாத்திரமா, திராவகத்தில் இட்டு ஊசி எடுப்பதா? முன்னதற்கு ஓர் அச்சுக்கூடத்திற்கு வேண்டிய இடமும் நீருமே போதும், பயப்பட வேண்டியதில்லை. பின்னதாயின், தினம் எத்தனை லிட்டர் திராவகம் வருகிறது, அதில் எவ்வளவு மீட்கப்படுகிறது, சேறு எங்கே போகிறது, நீர் எந்த ஆழ்குழாயிலிருந்து எடுக்கப்படுகிறது என்பவற்றை எழுத்தில் வாங்கவேண்டும். 1974-ம் வருஷத்திய நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு ஆலை அமைக்கும் முன் ஒன்றும், ஓட்டும் முன் ஒன்றும் தேவை. முதல் இசைவைக் காட்டி இரண்டாவதும் வந்துவிட்டதுபோல் பேசுவது வழக்கம். காகிதத்தை வாங்கி, தேதியையும், அதில் கண்ட சரக்கின் பெயரையும், தினசரி அளவையும் நேரில் படித்துப் பார்க்கவேண்டும். மனுவில் “காகிதப் பொருள்” என்றும், கொட்டகையில் திராவகப் பீப்பாய் என்றும் இருந்தால் உடனே மேலதிகாரிக்கு எழுதிவிடுங்கள்.

ஆலை வருவதற்கு முன்பே, சுற்றுப்புறத்துக் கிணறுகள் நாலைந்தின் நீரை எடுத்துக் கார அமில நிலையும் உப்பின் அளவும் பரிசோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் தேதியோடு பதிந்து வைப்பது மிக அவசியம். முந்திய அளவு இல்லாவிட்டால், பின்னால் நீர் கெட்டது என்று எவ்வளவு கூவினாலும், அது முன்பே அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடுவார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் கடல் அருகிலிருப்பதால், உவர் தானாக ஏறியதா, ஆலையால் ஏறியதா என்ற தர்க்கம் எளிதில் கிளம்பும். திரூரில் உள்ள வேளாண்மை விஞ்ஞான நிலையத்தை அணுகினால், பாசன நீரின் மாதிரியை எப்படி எடுப்பது, எங்கே பரிசோதிப்பது என்பதற்கு யோசனை கேட்டுக்கொள்ளலாம். புட்டியை அதே கிணற்று நீரால் மூன்று தடவை அலசி, பம்பு பத்து நிமிஷம் ஓடியபின் பிடிக்கவேண்டும். விளிம்பு வரை நிரப்பி மூடி, கிணற்றின் சர்வே எண்ணை உடனே எழுதி ஒட்டவேண்டும்.

செல்லுலோஸ் சம்பந்தமாகத் தொழில் தொடங்க மெய்யான எண்ணமுள்ள படித்த வாலிபர்கள், பம்பாய் மாதுங்காவில் உள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திற்கு எழுதலாம். 1924 முதல் பஞ்சை ஆராய்ந்துவரும் அந்நிலையம், பஞ்சிலிருந்து நானோ செல்லுலோஸ் எடுக்கும் முறைகளிலும் ஈடுபட்டு, அதற்கென மாதிரி ஆலையும் வைத்திருக்கிறது.

என்னிடம் வந்த மிராசுதார் முன்பணம் கட்டவில்லை. அவ்வருஷத்து வைக்கோலில் பாதியைத் தம் மாடுகளுக்குப் போராக வைத்துக்கொண்டு, நனைந்துபோன சொர்ணவாரி வைக்கோலைக் காளான் வளர்ப்பவர் ஒருவருக்கு விற்றார். மீதியை உழவில் மடக்கியதாகக் கூறினார். கண்ணாடித் துண்டுகளை மாத்திரம் தம் பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டுமென்று கேட்டு வாங்கிச் சென்றார். ஓரங்களை மெழுகால் அடைத்துக் கொடுத்தேன். அடைப்பு சரியாக அமையவில்லை போலும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, ஓரமெல்லாம் உலர்ந்து நீலமாகி, அதற்கும் வெளியே நிறமற்றுப்போய், நடுவில் நாலணா அளவு பச்சை மட்டும் எஞ்சியிருந்தது.